முதலில் பாடுங்கள், பென்சில் பிறகு

சென்ற இதழில் ஜாஸ் ரெக்கார்டுகளில் ஒருவர் தன் கற்பனையில் வாசிக்கும் சோலோக்களைக் காதால் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக எழுதி எடுப்பது பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலானவை பியானோ, சாக்ஸபோன் இரண்டைப் பற்றித்தான். நான் பியானோக்காரி. சாக்ஸபோனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல், டெனர் வகை சாக்ஸபோன் வாசித்த என் அண்ணனோடு ஒரே டேப் ரெக்கார்டரைப் பங்கு போட்டுக்கொண்ட வருஷங்களில் கற்றது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மூன்று வருடமாக பியானோ கற்கிறேன். நோட்ஸ் பார்த்து நன்றாக வாசிப்பேன், காதால் எடுத்துப் பழக்கமில்லை. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' சோலோவை எடுத்தால்தான் ஜாஸ் பிடிபடும் என்கிறார் நண்பர். அதில் தொடங்கலாமா?

வேண்டாம். அதைக் கேளுங்கள், ஆசை தீரக் கேளுங்கள். எழுத உட்காராதீர்கள். நிமிஷத்துக்கு முந்நூறு பீட்டை நெருங்கும் வேகம், பெரும்பாலும் இரண்டு பீட்டுக்கு ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்). 1959 மே மாதம் அது பதிவானபோது பியானோவில் இருந்தவர் டாமி ஃப்ளானகன், முதல் தரமான கலைஞர். அவருடைய சோலோ அந்த ரெக்கார்டில் எப்படித் தயங்கித் தயங்கிப் போய், கடைசியில் வெறும் கார்டுகளாக நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவரே 1982இல் அந்தப் பாட்டை மறுபடி எடுத்துத் தன் பெயரில் அழகாகப் பதிவு செய்தார். அவருக்கே அவகாசம் தேவைப்பட்ட இடம் அது.

முதல் சோலோவைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. பத்துத் தடவை கேட்ட பிறகு, வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது உங்கள் வாய் தானாக எதை முணுமுணுக்கிறதோ, அதை எடுங்கள். பாட வராததை எழுத வராது. எழுதினாலும் அது தப்பாக இருக்கும். தப்பு என்பதும் உங்களுக்குத் தெரியாது.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் 'சோ வாட்' என்ற பாட்டு இருக்கிறது. அதில் மைல்ஸ் வாசிக்கும் டிரம்பெட் சோலோ இரண்டு கோரஸ், அதாவது பாட்டின் முழு வடிவம் இரண்டு சுற்று. மொத்தம் 64 பார் (பார் என்பது இங்கே நாலு பீட் கொண்ட ஒரு கட்டம்). டிரம்பெட்டாக இருந்தால் என்ன, பியானோவில் வலது கைக்கு அப்படியே பொருந்தும். முதல் 16 பாருக்கு டி டோரியன், அதாவது டி-யிலிருந்து டி வரை வெள்ளைக் கட்டைகள். அடுத்த 8 பாருக்கு எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறி இ ஃப்ளாட், கடைசி 8 பாருக்குத் திரும்பவும் டி. கார்டு எங்கே மாறுகிறது என்ற கவலை இல்லாமல் வரியை மட்டும் கவனிக்கலாம். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளி பெரிது. அந்த நேரத்தில் நீங்கள் பாடிப் பார்த்துக்கொள்ளலாம்.

பியானோவேதான் வேண்டும் என்றால் அதே ஆல்பத்தில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஆல்பத்தின் பியானோக்காரர் பில் எவன்ஸுக்குப் பதிலாக விண்டன் கெல்லி வாசிக்கிறார். பி ஃப்ளாட்டில் 12 பார் ப்ளூஸ். முதல் கோரஸை மட்டும் எடுங்கள். 12 பார் போதும். அடுத்த 12 பார் தானாக உங்களைக் கூப்பிடும்.

டெனர் சாக்ஸபோன் வாசிப்பவன். வேகமான இடங்களில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து கூழாகக் கேட்கின்றன. வேகத்தைக் குறைத்துக் கேட்பது ஏமாற்று வேலை என்று என் குழுவில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

உண்மை இல்லை. ரெக்கார்டு என்ற பொருள் வந்த நாளிலிருந்து வாசிப்பவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் கற்றிருக்கிறார்கள். ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் 1937 கோடையில் மிசூரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதிக்கு வேலைக்குப் போனபோது டெனர் கலைஞர் லெஸ்டர் யங்கின் ரெக்கார்டுகளைக் கையோடு கொண்டுபோய், சோலோக்களை ஸ்வரம் ஸ்வரமாகப் படித்துவிட்டுத் திரும்பினார். பிறகு வந்தவர்கள் நிமிஷத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய எல்பி ரெக்கார்டை 16 சுற்று வேகத்தில் ஓடவிட்டார்கள். வேகம் பாதியானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். ஆல்டோ சாக்ஸபோன் ஏதோ பெரிய மிருகம் உறுமுவது போலக் கேட்கும், ஆனால் ஸ்வரத்தின் பெயர் மாறாது. இன்றைய மென்பொருள்கள் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறைக்கின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஆனால் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். பாதி வேகத்துக்கும் கீழே போனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் மழுங்கிவிடும். நாக்கு எங்கே பட்டது, எங்கே இரண்டு ஸ்வரம் ஒரே மூச்சில் வழுக்கியது என்பதெல்லாம் கரைந்துவிடும். நான் முக்கால் வேகத்தில்தான் பெரும்பாலும் வேலை செய்கிறேன். மிகவும் சிக்கலான ஒரு பாருக்கு மட்டும் பாதிக்கு இறங்கிவிட்டு, உடனே மேலே ஏறிவிடுவேன். எழுதி முடித்ததைச் சரிபார்ப்பது எப்போதும் முழு வேகத்தில்தான்.

சிக்கலான இரண்டு பாரை நான் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன். முதல் ஸ்வரத்திலிருந்து வரிசையாகத் தேட மாட்டேன். வாக்கியம் எங்கே போய் இறங்குகிறது என்று முதலில் பார்ப்பேன். கடைசி ஸ்வரம் நீளமாக இருக்கும், காதில் தங்கும். அதை எழுதிவிடுவேன். அடுத்தது உச்சியில் இருக்கும் ஸ்வரம், பிறகு தொடங்கும் ஸ்வரம். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் நடுவில் இருப்பது ஏற்றமா இறக்கமா என்பது தெரிந்துவிடும். அப்புறம் எத்தனை ஸ்வரம் என்று விரலால் மேசையில் தட்டி எண்ணுவேன், பெயர் பிறகு. எட்டு தட்டு என்று தெரிந்த இடத்தில் ஏழு ஸ்வரம்தான் கண்டுபிடித்திருந்தால் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒளிந்திருப்பது பெரும்பாலும் கோஸ்ட் நோட், அதாவது விழுங்கிய ஸ்வரம். நாக்கைப் பாதியளவு ரீடின் மேல் வைத்தபடியே ஊதினால் ஸ்வரம் வரும், ஓசை வராது. உங்களுக்கு இது தெரிந்த வித்தைதான், ஆனால் அடுத்தவர் ரெக்கார்டில் அடையாளம் காண்பது வேறு விஷயம். அந்த ஸ்வரத்தை விட்டுவிட்டு வரியைப் பாடிப் பாருங்கள். தாளம் தடுக்கும். சேர்த்துப் பாடினால் நடை சரியாகும். காதுக்கு முன்னால் வாய் கண்டுபிடித்துவிடும் இடம் அது. நான் அடைப்புக்குறிக்குள் சிறியதாக எழுதுவேன். பார்க்கரின் வரிகளில் இன்னொன்று அடிக்கடி வரும்: ஒரு ஸ்வரம், அதற்கு மேல் ஸ்வரம், திரும்ப அதே ஸ்வரம், மூன்றும் கண் சிமிட்டும் நேரத்துக்குள். ஒரு தடவை பழகிவிட்டால் அதற்குப் பிறகு எங்கே வந்தாலும் முகம் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ரெக்கார்டோடு சேர்ந்து பியானோ வாசித்தால் சேரவே மாட்டேன் என்கிறது. எஃப் என்றால் கொஞ்சம் அதிகம், இ என்றால் கொஞ்சம் குறைவு. என் காதில் கோளாறா, பியானோவிலா?

இரண்டிலும் இல்லாமல் ரெக்கார்டில் இருக்கலாம். மேலே சொன்ன 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வே இதற்குப் பெரிய சாட்சி. 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவில் ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் சுருதி ஏறும். அதனால் எல்பியின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று பாட்டும் ஏறக்குறைய கால் ஸ்வரம் தூக்கலாகவே பல வருஷம் விற்பனையில் இருந்தன. 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். அதற்கு முன்னால் எத்தனை பேர் தங்கள் காதைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்!

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. நானும் அண்ணனும் பகிர்ந்துகொண்ட டேப் ரெக்கார்டர் மெதுவாக ஓடியது எங்களுக்குத் தெரியாது. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறைந்தாலே ஒரு முழு செமிடோன், அதாவது அரை ஸ்வரம், இறங்கிவிடும். ஒரு டெனர் சோலோவை மூன்று வாரம் உட்கார்ந்து எடுத்தேன். பெருமையோடு அண்ணனிடம் நீட்டினேன். நாலாவது வரியில் நின்றுவிட்டான். நான் எழுதிய ஸ்வரம் பியானோவில் ஜி. டெனர் சாக்ஸபோனில் எல்லாத் துளையையும் மூடினால் வரும் கடைசி ஸ்வரம் பியானோ கணக்கில் ஏ ஃப்ளாட். அவன் எல்லாக் கீயையும் அழுத்தி ஊதிக் காட்டிவிட்டு, "இதுக்குக் கீழே குழலே இல்லையே, அவர் எங்கேருந்து வாசிச்சாரு?" என்று கேட்டான். மூன்று வார வேலை முழுவதும் ஒரு செமிடோன் கீழே இருந்தது. அன்றைக்கு அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு எந்த சாக்ஸபோன் சோலோவை எடுத்தாலும் முதலில் தாழ்ந்த ஸ்வரத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. வாத்தியத்தின் எல்லை பொய் சொல்லாது.

பியானோவைத் தொடாதீர்கள். மென்பொருளில் சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் வசதி இருக்கும். பேஸ் (அடி ஸ்வரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசிப்பவர் நீளமாகப் பிடிக்கும் ஒரு ஸ்வரத்தை வைத்து ரெக்கார்டை உங்கள் பியானோவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஆல்டோ சோலோவை பியானோ சுருதியில் எழுதுவதா, ஆல்டோவின் சுருதியிலா?

யார் வாசிக்கப் போகிறார்களோ அவர்களுடைய சுருதியில். ஆல்டோ இ ஃப்ளாட் வாத்தியம், அதாவது அதில் சி என்று வாசித்தால் பியானோவின் இ ஃப்ளாட் ஒலிக்கும். ஆகவே பியானோவில் சி கேட்டால் ஆல்டோக்காரருக்கு ஏ என்று, மேஜர் ஆறாவது மேலே தள்ளி எழுத வேண்டும். டெனர் பி ஃப்ளாட்: சி கேட்டால் டி, அதுவும் ஒரு ஸ்தாயி கூட்டி. பியானோவில் உட்கார்ந்து எடுப்பவர்கள் முதலில் பியானோ சுருதியில் எழுதிவிட்டு, கடைசியில் மாற்றுவது நல்லது. பாதியில் மாற்றினால் குழப்பம்தான்.

பியானோ சோலோவில் வலது கை ஓரளவு பிடிபடுகிறது. இடது கை? பேஸ், டிரம்ஸ், சிம்பல் எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு மங்கலான கார்டு. டி மைனர் என்று பாட்டில் போட்டிருக்கிறது, எனக்கு டி-யே கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் வாசிக்கவில்லை. உங்கள் காதை நம்புங்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1950களின் பிற்பாதியிலிருந்து பில் எவன்ஸ், விண்டன் கெல்லி, ரெட் கார்லண்ட் போன்ற பியானோக்காரர்கள் இடது கையில் கார்டின் ஆதார ஸ்வரத்தை (டி மைனர் என்றால் டி) விட்டுவிட்டார்கள். அதை பேஸ் வாசிப்பவர் வைத்திருக்கிறாரே, நாம் எதற்கு என்ற ஞாயம். பியானோ முன் உட்கார்ந்து இதை வாசித்துப் பாருங்கள். நடு சி-க்குக் கீழே உள்ள எஃப், ஏ, அதற்கு மேல் நடு சி, இ. தனியாக வாசித்தால் எஃப் மேஜர் போல இருக்கும். யாரையாவது கீழே ஒரு டி அடிக்கச் சொல்லுங்கள். அதே நாலு ஸ்வரம் டி மைனராக மாறிவிடும். இப்போது சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்கள், மற்ற மூன்று விரலும் அசையக் கூடாது. கீழே ஜி அடிக்கச் சொல்லுங்கள். ஜி செவன்த் வந்துவிட்டது! ஒரே ஒரு விரல் அரை ஸ்வரம் நகர்ந்தது, அவ்வளவுதான். நான் முதன்முதலில் இதைக் கண்டுபிடித்த சாயங்காலம் இந்த இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கே இல்லை. ரெக்கார்டில் மங்கலாகக் கேட்டதெல்லாம் இதுதானா என்று தோன்றியது.

ஆகவே இடது கையில் கார்டைத் தேடாதீர்கள், நகர்வைத் தேடுங்கள். எந்த ஸ்வரம் அப்படியே நிற்கிறது, எது அரை ஸ்வரம் இறங்குகிறது? ஆதார ஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள்தான் பெரும்பாலும் அப்படி நகரும். அவை கிடைத்தால் மிச்சத்தைப் பிடித்துவிடலாம்.

ஸ்வரம் தேடுவதற்கும் முன்னால் தாளம். இடது கை எப்போது விழுகிறது என்பதை மட்டும் ஒரு கோட்டின் மேல் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். ரெட் கார்லண்ட் இரண்டாவது பீட்டுக்கும் நாலாவது பீட்டுக்கும் அடுத்த அரைப் பீட்டில் கார்டை வைத்துக்கொண்டே போவார், நடக்கிறவர் கை வீசுவதைப் போல. அந்தப் புள்ளிகள் தெரிந்துவிட்டால் எங்கே காதைத் தீட்ட வேண்டும் என்று தெரியும். இன்னொரு பியானோக்காரர் பட் பவல் வேறு மாதிரி. சிக்கனமாகக் கீழே ஆதார ஸ்வரமும் ஏழாவதும் என்று இரண்டே ஸ்வரம் வைத்துவிட்டு விலகிவிடுவார். அவரைக் கேட்டு நாலு ஸ்வரம் எழுதினீர்களானால் இரண்டு உங்களுடையது.

இல்லாத ஸ்வரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பியானோவில் கீழே ஒரு சி அடித்தால் அதற்குள்ளேயே மேல் ஸ்தாயி சி, அதற்கு மேல் ஜி, திரும்ப சி, பிறகு இ என்று மெல்லிய ஓசைகள் அடுக்கடுக்காக ஒலிக்கும். மென்பொருளில் வேகத்தைக் குறைத்து, பேஸை வடிகட்டி, மேல் ஓசையைத் தூக்கி வைத்துக் கேட்கும்போது அந்த ஜி வாசித்த ஸ்வரம் போலவே கேட்கும். புதிதாக எடுப்பவர்கள் எழுதும் தப்பான ஸ்வரங்களில் நிறைய இந்த வகைதான். இதற்கு ஒரு சோதனை: சந்தேகப்படும் ஸ்வரத்தை ரெக்கார்டோடு கூட மிக மெதுவாக வாசியுங்கள். உள்ளே இருக்கும் ஸ்வரமாக இருந்தால் கரைந்துவிடும். இல்லாத ஸ்வரமாக இருந்தால், எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்தது கையின் சோதனை. எழுதியதை ஒரு கையால் பிடிக்க முடிகிறதா? வேகமான பாட்டில் அடுத்த கார்டுக்கு அந்தக் கை போய்ச் சேர நேரம் இருக்கிறதா? வாசித்தவர் மனிதர்தான், அவருக்கும் ஒரு கைக்கு ஐந்து விரல்தான்.

பழைய ஸ்டீரியோ ரெக்கார்டுகள் பலவற்றில் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக் கேட்டால் டிரம்ஸ் ஒதுங்கிப் போய் பியானோ தனியே வரும் அதிர்ஷ்டமும் உண்டு.

'சோ வாட்' பாட்டில் பேஸ் ஒரு வரி கேட்க, பியானோ இரண்டு கார்டில் பதில் சொல்லும். அதைப் பயிற்சியாக எடுங்கள். முதல் கார்டு கீழிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி, பி. இரண்டாவது அப்படியே ஒரு ஸ்வரம் கீழே: டி, ஜி, சி, எஃப், ஏ. கீழே 'நாலாவது' என்ற இடைவெளி மூன்று, உச்சியில் 'மேஜர் மூன்றாவது' என்ற இடைவெளி ஒன்று. விடையைச் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட வேண்டாம். விடை தெரிந்த பிறகு அந்த ஐந்து ஸ்வரத்தையும் ஒவ்வொன்றாக ரெக்கார்டுக்குள் தேடிப் பிடிப்பதுதான் பயிற்சி. முதலில் மேலே உள்ள பி-யைப் பாடுங்கள், பிறகு ஜி, இப்படியே கீழே வரை. நடு ஸ்வரமான டி-யைப் பிடித்துப் பாடும் அன்றைக்கு உங்கள் காது ஒரு படி ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விங் நடையை எப்படி எழுதுவது? ட்ரிப்லெட்டாக எழுதினால் கம்ப்யூட்டர் நொண்டி நொண்டி வாசிக்கிறது.

ஸ்விங் என்பது ஒவ்வொரு பீட்டையும் நீளம், குட்டை என்று இரண்டாக உடைக்கும் நடை. அதைச் சாதாரண எட்டாம் ஸ்வரங்களாக, பீட்டுக்குச் சமமாக இரண்டு என்று எழுதி, மேலே 'ஸ்விங்' என்று போட்டுவிடுங்கள். ஆண்டர்ஸ் ஃப்ரீபெர்க், ஆண்ட்ரியாஸ் சுண்ட்ஸ்ட்ரோம் இருவரும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பெயர் பெற்ற டிரம்மர்களின் சிம்பல் நடையை அளந்திருக்கிறார்கள். மெதுவான பாட்டில் நீள ஸ்வரம் குட்டை ஸ்வரத்தைப் போல மூன்றரை மடங்கு வரை போகிறது. மிக வேகமான பாட்டில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆக ட்ரிப்லெட் என்ற இரண்டுக்கு ஒன்று கணக்கு நடுவில் எங்கோ கடந்து போகும் ஒரு புள்ளிதான். சோலோ வாசிப்பவர் டிரம்மரைவிடச் சமமாக வாசிக்கிறார், பீட்டின் மேல் விழும் ஸ்வரத்தைக் கொஞ்சம் தாமதித்து வைக்கிறார், அரைப் பீட்டில் மட்டும் டிரம்மரோடு சேர்ந்துகொள்கிறார் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது பெரிய நிம்மதி. டெனர் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் ஏன் அப்படிச் சாய்ந்து நடக்கிற மாதிரி கேட்கிறார், ஆனாலும் ஏன் ஒரு இடத்திலும் தாளம் தவறுவதில்லை என்பதற்கு அங்கே பதில் இருந்தது. அவருடைய 1962 பதிவான 'சீஸ் கேக்' சோலோவை எடுத்தபோது நான் எல்லா ஸ்வரத்தையும் பீட்டின் மேலேயே எழுதி, ஓரத்தில் 'பின்னால்' என்று மட்டும் குறித்துக்கொண்டேன். எவ்வளவு பின்னால் என்பதை அவரோடு கூடப் பாடித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பார்க்கரின் சோலோக்கள் புத்தகமாகவே கிடைக்கின்றன. இப்போது மென்பொருளும் தானாக எழுதித் தருகிறது. பிறகு எதற்கு நாமே உட்கார்ந்து கஷ்டப்பட வேண்டும்?

கடிதத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தது. நியாயமான கேள்விதான். பார்க்கர் சோலோக்களின் 'ஆம்னிபுக்' 1978இல் வந்தது, என் அலமாரியிலும் இருக்கிறது. ஜெர்மனியின் வைமார் இசைக் கல்லூரி ஆய்வாளர்கள் 456 சோலோக்களை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. நான் எடுத்து முடித்த பிறகு அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சில இடத்தில் என் காது தோற்கும், சில இடத்தில் அச்சோடு நான் உடன்பட மாட்டேன். மென்பொருளும் முன்னைவிட நன்றாகவே எழுதுகிறது. ஆனால் ஸ்தாயி மாற்றிப் போடுவது, மேலே சொன்ன இல்லாத ஸ்வரத்தை எழுதுவது, சாக்ஸபோனில் கீழிருந்து வழுக்கி ஏறும் ஒரே ஸ்வரத்தை இரண்டாக வெட்டுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. திருத்த ஆள் வேண்டும். திருத்துவதற்குக் காது வேண்டும்.

நீங்கள் கேட்பது அது இல்லை என்று தெரியும். காகிதம் கையில் இருக்கும்போது எதற்குப் பாடுபட வேண்டும் என்கிறீர்கள். எனக்குக் காகிதம் முக்கியமே இல்லை. பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ தன்னிடம் படிக்க வந்தவர்களை லெஸ்டர் யங், பார்க்கர் சோலோக்களை ரெக்கார்டோடு சேர்ந்து பாடச் சொல்வார். பாட வந்த பிறகுதான் வாத்தியம். பாடும்போது என்ன நடக்கிறது தெரியுமா? அவர் மூச்சு விடும் இடத்தில் நீங்களும் மூச்சு விடுகிறீர்கள். லெஸ்டர் யங் தன் முதல் ரெக்கார்டிங் நாளில், 1936 நவம்பரில் வாசித்த 'லேடி பி குட்' சோலோ 64 பார். நான் அதை நோட்ஸாகப் பார்த்தபோது சுலபமான ஸ்வரங்கள் என்று நினைத்தேன். கூடப் பாடினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது, அவர் போய்க்கொண்டே இருந்தார். அவர் எங்கே காற்றைச் சேமித்தார் என்று தேடிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து போனேன். ஒரே ஸ்வரத்தை வேறு வேறு விரலால் பிடித்து நிறம் மாற்றுகிறார் என்பதும் அப்போதுதான் காதில் விழுந்தது. எந்த அச்சுப் பக்கத்திலும் அது எனக்குக் கிடைத்திருக்காது.

ஆக, புத்தகத்தை வாங்குங்கள். ஆனால் மூடி வைத்துவிட்டு முதலில் எட்டு பார் நீங்களே எடுங்கள்.

எடுத்த சோலோவை என்ன செய்வது? முழுசாக வாசித்துக் காட்டுவதா?

வாசிக்கலாம், சந்தோஷமாக இருக்கும். அதோடு ஒரே ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்துப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துப் பாருங்கள். பிறகு அதன் கடைசி மூன்று ஸ்வரத்தை நீங்களே மாற்றுங்கள். அங்கிருந்து உங்கள் மனோதர்மம்.

ஒரு சோலோவுக்கு எவ்வளவு நாள் ஆகும்? நான் நாலு மாதமாக ஒன்றிலேயே இருக்கிறேன். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

விடாதீர்கள். ஆனால் தினமும் அதையே பிடித்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம். ஒரு நேரத்துக்கு இருபது நிமிஷம் போதும். காது களைத்துவிட்டால் கேட்டதையே தப்பாகத் திரும்பக் கேட்கும், அந்தத் தப்பு பதிந்தும் போகும். சிக்கிக்கொண்ட பாரைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அண்ணனும் நானும் சேர்ந்து எடுத்த கடைசி சோலோ, டெனர் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் 'பாடி அண்ட் சோல்'. 1939 அக்டோபர் 11ஆம் தேதி பதிவு, மூன்று நிமிஷம், இரண்டு கோரஸ். பாட்டின் மெட்டைத் தொடக்கத்தில் தொட்டுக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு முழுக்க முழுக்க அவருடைய கற்பனை. எங்களுக்கு அது ஏழு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காருவோம். அவன் டெனரில் தேடுவான், நான் பியானோவில் சரிபார்த்து எழுதுவேன். இரண்டாவது கோரஸின் கடைசிப் பகுதியில், உணர்ச்சி உச்சிக்குப் போகும் இடத்தில், ஒரு பாரில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவே இல்லை. அவன் ஒரு ஸ்வரம் என்றான், நான் இரண்டு என்றேன். காலியாக விட்டோம்.

அந்த நோட்டுப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அதே இடத்தை மறுபடி போட்டேன், முக்கால் வேகத்தில், பிறகு முழு வேகத்தில், பிறகு கூடப் பாடியபடி. ஒரே ஸ்வரம்தான். கீழிருந்து வழுக்கி ஏறுகிறது, அதனால் எனக்கு இரண்டாகக் கேட்டிருக்கிறது. பென்சிலால் எழுதிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.